குடியேறி வந்த ஆசிரியருக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம்: இஸ்ரேலியப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைமையாசிரியர்களே,

ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதக் கடைசியில், அரைகுறையாக நிரம்பிய கால அட்டவணையை முன்னால் வைத்துக்கொண்டு, தொலைபேசியில் ஆசிரியர்களைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் நீங்கள். செப்டம்பர் 1 அன்று மணி அடித்தாக வேண்டும். ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் ஆள் போதாது. இருக்கிறவர்களில் ஒருவர் மகப்பேறு விடுப்பில் போகிறார், இன்னொருவர் அதிகச் சம்பளம் தரும் வேறு வேலைக்குப் போய்விட்டார். அந்த நெருக்கடியில் உங்கள் கைக்கு அகப்படுகிறவர்களில் ஒரு பகுதியினர், வேறொரு நாட்டில் பல ஆண்டுகள் பாடம் நடத்திவிட்டு இங்கே குடியேறியவர்கள். நானும் அவர்களில் ஒருத்தி. எங்களுக்கு வேலை கொடுத்ததற்கு நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியாயிற்று. வேலை கிடைத்த பிறகு வரும் முதல் ஓராண்டைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் இந்திய யூதச் சமூகங்களில் ஒன்றான பெனே இஸ்ரேல் குடும்பத்தில் பிறந்தவள். ரயில்வே வேலைக்காகக் கொங்கண் கரையை விட்டுக் கிளம்பிய என் தாத்தாவின் குடும்பம் சென்னைப் பெரம்பூரில் வந்து நிலைத்துவிட்டது. பாட்டியோடு மராத்தி பேசினாலும், படித்ததும் சண்டை போட்டதும் கணக்குப் போட்டதும் எனக்குத் தமிழில்தான். சென்னையில் ஆங்கில ஆசிரியையாக இருந்தேன். பிறகு, யூதர்கள் இங்கே குடியேற உரிமை தரும் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குடும்பத்தோடு வந்து, இப்போது பீர்ஷேவாவில் ஆங்கிலம் கற்பிக்கிறேன்.

உங்களுக்கு எழுதும் மடலை உங்களுக்குத் தெரியாத மொழியில் எழுதுவானேன் என்று கேட்பீர்கள். எபிரேயத்தில் நான் எழுதினால் அது நான்கு வரியில் முடிந்துவிடும். கஷ்டமாக இருக்கிறது, உதவுங்கள் என்பதற்கு மேல் ஒன்றும் தேறாது. அப்படிப்பட்ட கடிதங்களைப் போதுமான அளவுக்கு நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆகவே, சொல்ல வேண்டியதை எனக்கு வசப்பட்ட மொழியில் முழுதாகச் சொல்லிவிட்டு, வரி வரியாக ஆங்கிலத்தில் விளக்கி, சக ஆசிரியை ஒருவரைக் கொண்டு எபிரேயத்தில் எழுதி வாங்குவதென்று முடிவு செய்தேன். அந்த வடிவம் உங்களுக்குத் தனியே வந்து சேரும். தமிழ் வடிவத்தையும் வெளியிடுவதற்குக் காரணம், அறியாத மொழி பேசும் நாடுகளுக்குப் பெயர்ந்துபோன தமிழ் ஆசிரியர்கள் பலருக்கும் இந்த விஷயத்தில் சொல்வதற்குச் சொந்தக் கதை இருக்கும் என்ற எண்ணம்தான்.

புதிதாக வரும் ஆசிரியரைப் பிள்ளைகளின் கூச்சல்தான் திணறடிக்கும் என்று உங்களில் பலர் நம்புகிறீர்கள். நேர்காணலில் என்னிடம் முதலில் கேட்கப்பட்டதே, இந்தியப் பிள்ளைகள் அடக்கமானவர்களாமே, இங்கே உள்ளவர்களைச் சமாளிப்பீர்களா என்பதுதான். இந்தியப் பிள்ளைகளின் அடக்கத்தைப் பற்றி உங்களுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. ஒரு வகுப்பில் ஐம்பது பேரை வைத்துக்கொண்டு பாடம் நடத்திய எனக்கு, யூத அறிஞர் மைமோனிடஸ் 12-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்த நாற்பது என்ற மேல்வரம்பை இன்னும் மறக்காத ஒரு நாட்டின் வகுப்பறை அப்படியொன்றும் மிரட்டுவதாக இல்லை. ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, மதிப்பெண் குறைந்தால் மேசைக்கு வந்து வக்கீல் மாதிரி வாதாடுவது, நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவது எல்லாம் ஒரு பருவத்துக்குள் பழகிவிட்டன. சொல்லப்போனால், வாதாடுகிற பிள்ளைக்கு மொழி கற்பிப்பது எளிது. எதையாவது சொல்லியே தீர வேண்டும் என்ற அவசரம் அதற்கு இருக்கிறது.

எங்கள் எபிரேயம் ஓட்டையாக இருப்பதுகூட வகுப்புக்குள் கெடுதல் செய்வதில்லை. எபிரேயத்தில் எண்ணுப்பெயர்களுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. வேகமாகப் பேசும்போது நான் அவற்றை மாற்றிச் சொல்லிவிடுவேன். ஐந்தாம் வகுப்பில் உடனே நான்கைந்து குரல்கள் திருத்தும். நான் திருத்திச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடருவேன். இதைப் பார்த்த பிறகு அந்தப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் தப்பும் தவறுமாகப் பேச வெட்கப்படுவதில்லை. பலகையில் ஆங்கிலச் சொல்லை இடப்பக்கத்திலிருந்தும் அதன் எபிரேயப் பொருளை வலப்பக்கத்திலிருந்தும் எழுதிக்கொண்டு வந்து இரண்டும் நடுவில் முட்டிக்கொள்ளும்போது, எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அவர்களே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். பாடம் நடத்துவது எங்களுக்குத் தெரியும். எங்களை வேலைக்கு எடுக்கும்போது நீங்கள் நம்பியதும் அதைத்தான். அந்த நம்பிக்கை வீண்போகவில்லை.

நாங்கள் தோற்றுப்போகிற இடம் வகுப்பறைக் கதவுக்கு வெளியே இருக்கிறது. பள்ளி என்பது பாடவேளைகள் மட்டுமில்லை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெற்றோரின் தொலைபேசி அழைப்பு, மஷோவ் போன்ற மென்பொருளில் அன்றாடம் பதிய வேண்டிய குறிப்புகள், ஆசிரியர்களின் வாட்ஸாப் குழுவில் இடைவேளைக்குள் வந்து குவியும் செய்திகள், பருவ இறுதியில் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் எழுத வேண்டிய சில வரிகள், எல்லோரும் ஒரே சமயத்தில் பேசும் கூட்டங்கள் ஆகிய இவை அத்தனையும் எபிரேயத்தில் நடக்கின்றன. அதுவும், கற்றுக்கொள்கிறவருக்காக எவரும் நிதானித்துப் பேசாத எபிரேயத்தில் நடக்கின்றன. ஒரு பிள்ளையின் தலைவிதி வகுப்பறையைவிட இங்கேதான் அதிகம் தீர்மானமாகிறது.

கைப்பட எழுதிய ஒரு சீட்டைப் பற்றிச் சொல்கிறேன். எபிரேயத்தில் அச்செழுத்து வேறு, கையெழுத்தின் வடிவம் வேறு, உயிர்க்குறிகளும் இருக்காது. குடியேறி வருகிறவர்களுக்கு எபிரேயம் கற்பிக்கும் உல்பானில் நாங்கள் படித்துத் தேர்ந்தது பெரும்பாலும் அச்செழுத்தில். ஒரு காலையில் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன், நோட்டுத் தாளைக் கிழித்து நான்காக மடித்த ஒரு சீட்டை, அம்மா கொடுக்கச் சொன்னாள் என்று என் கையில் வைத்தான். வேலைக்கு ஓடும் அவசரத்தில் ஒரு தாய் எழுதிய பத்து வரி. அவனுடைய பெயரும், 'வீடு' என்ற சொல்லும், 'அப்பா' என்ற சொல்லும் எனக்குப் புலப்பட்டன. மற்றவை வளைகோடுகளாகவே இருந்தன. நான் தடுமாறுவதைக் கண்ட அவன், நான் படித்துக் காட்டட்டுமா என்று கேட்டான். நல்ல பிள்ளை, அன்போடுதான் கேட்டான். ஆனால் அந்தச் சீட்டு அவனைப் பற்றியது. அதை அவன் வாயால் படிக்க வைக்க எந்த ஆசிரியருக்கும் மனம் வராது. அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன், செயலாளர் அங்கில்லை. ஆசிரியர் அறைக்குப் போனேன், எல்லோரும் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது இடைவேளையில்தான் ஒருவர் நின்று படித்துச் சொன்னார்: அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார், பையன் இரவெல்லாம் தூங்கவில்லை, இன்று அவனைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குள் அவன் வேறொரு பாடத்தில் தலையை மேசைமேல் வைத்துப் படுத்துக்கொண்டதற்காக வெளியே அனுப்பப்பட்டிருந்தான். எவர்மீதும் குற்றமில்லை. அன்றைய அட்டவணையில் அந்தச் சீட்டைப் படிக்க ஆள் என்று ஒருவர் இல்லை, அவ்வளவுதான்.

கல்விக் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, யாரை எந்தப் பிரிவில் வைப்பது, யாருக்குத் தனி உதவி தருவது என்று முடிவு செய்யும் கூட்டம் அது. ஒரு பெயருக்கு ஒன்றிரண்டு நிமிடம் கிடைக்கும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் அப்படியொரு கூட்டத்தில், ஆங்கிலத்தில் பின்தங்கியவள் என்று ஒரு பெண்ணைக் கீழ்ப் பிரிவுக்கு அனுப்பும் பேச்சு வந்தது. அவள் எழுத்துத் தேர்வில்தான் தடுமாறுகிறாள், காதால் கேட்டால் வகுப்பிலேயே அதிகம் புரிந்துகொள்கிறவள் அவள், பார்வையையும் வாசிப்பையும் சோதித்துப் பார்க்காமல் அவளைப் பிரிவு மாற்றக்கூடாது என்பது என் கருத்து. அதைத் தமிழில் சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். எபிரேயத்தில் முதல் வாக்கியத்தை மனத்துக்குள் கட்டி முடித்துக் கையை உயர்த்தியபோது மேசையில் அடுத்த பெயர் வந்துவிட்டது. பிறகு தனியாகப் போய்ச் சொன்னேன். முடிவு பதிவாகிவிட்டது, அடுத்த பருவத்தில் பார்க்கலாம் என்றார்கள். அந்தப் பெண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்தது அந்த அறையில் வேறு எவருக்கும் தெரியாது. ஆங்கில ஆசிரியை என்று எனக்கு நீங்கள் சம்பளம் கொடுப்பது அந்த அறிவுக்காகவும்தான்.

இதையெல்லாம் சொன்னால், உல்பான் இருக்கிறதே, போய்ப் படியுங்கள் என்ற பதில் உடனே வருகிறது. உல்பானைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. 1949-இல் எருசலேமில் உல்பான் எட்சியோனில் தொடங்கிய அந்த ஏற்பாடு, வந்து இறங்குகிறவருக்குச் சில மாதங்களில் ஒரு மொழியைக் கையில் கொடுத்து வெளியே அனுப்புகிறது. இந்த அக்கறையோடு தன் மொழியைக் கற்பிக்கும் நாடுகள் அதிகம் இல்லை. ஆனால் முழு நேர உல்பான் வாரத்தில் ஐந்து நாள் காலையில், ஏறத்தாழ ஐந்து மாதம் நடக்கிறது; பள்ளியும் காலையில்தான் நடக்கிறது. செப்டம்பரில் வேலைக்கு வா என்று நீங்கள் அழைத்தால், ஒன்று உல்பானைப் பாதியில் விட வேண்டும், அல்லது வேலையை விட வேண்டும். வாடகை கொடுக்க வேண்டியவர் எதை விடுவார் என்பது உங்களுக்கே தெரியும். மாலை வகுப்புகள் உண்டு. ஆறு மணிநேரம் தொண்டை வற்றப் பேசி, வீட்டில் சமைத்து, பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையும் அகராதியோடு போராடி முடித்த பிறகு அங்கே உட்கார்ந்திருக்கும் ஆசிரியைகளின் முகத்தை நீங்கள் ஒரு நாள் வந்து பார்க்கலாம். அப்படியே படித்து முடித்தாலும், உல்பான் கற்றுத் தருவது சந்தைக்கும் வங்கிக்கும் செய்தித்தாளுக்கும் வேண்டிய எபிரேயம். உங்கள் மகன் வகுப்பில் யாரோடும் சேராமல் தனியாக இருக்கிறான் என்பதை ஒரு தாயின் மனம் நோகாமல் சொல்வதற்கு வேண்டிய எபிரேயம் பள்ளியில்தான் கிடைக்கும்.

பள்ளிக்குள் அதைக் கற்க நேரம் ஏது என்று நீங்கள் கேட்கக்கூடும். நேரம் உங்கள் கையிலேயே இருக்கிறது. 2008-இல் தொடங்கிய 'ஓஃபெக் ஹதாஷ்' சீர்திருத்தத்தின்படி, தொடக்கப்பள்ளியில் முழு நேர ஆசிரியரின் வாரம் 36 மணி நேரம். அதில் 26 மணி வகுப்பில் பாடம் நடத்துவதற்கு. 5 மணி சிறு குழுக்களோடும் தனிப் பிள்ளைகளோடும் உட்காருவதற்கு. மீதி 5 மணி, 'ஷெஹியா' என்று எல்லோரும் சொல்லும் தங்கு நேரம், கூட்டங்களுக்கும் திருத்தும் வேலைக்கும் பெற்றோரைச் சந்திப்பதற்கும். நடுநிலைப்பள்ளியில் தங்கு நேரம் இன்னும் அதிகம், 9 மணி. இந்த நேரத்தைக் கால அட்டவணையில் எங்கே வைப்பது, யாரோடு யாருக்கு ஒரே வேளையில் வைப்பது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நீங்களும் உங்கள் அட்டவணைப் பொறுப்பாளரும்தான். இதற்கு மேலிடத்துச் சுற்றறிக்கை வர வேண்டியதில்லை, புதிய நிதி ஒதுக்கீடும் வர வேண்டியதில்லை.

என் கோரிக்கை ஒன்றுதான். குடியேறி வந்து முதல் ஆண்டு வேலை பார்க்கும் ஆசிரியரின் தங்கு நேரத்தில் இரண்டு மணியை, அந்தப் பள்ளியிலேயே பல ஆண்டு இருக்கும் ஓர் ஆசிரியரின் தங்கு நேரத்தோடு ஒரே நாளில், ஒரே வேளையில் பொருத்திக் கொடுங்கள். ஆண்டு முழுவதும் அந்த இணை மாறாமல் இருக்க வேண்டும். அந்த இரண்டு மணியில் அவர்கள் இலக்கணம் படிக்க வேண்டியதில்லை. அந்த வாரம் வந்த சீட்டுகளையும் செய்திகளையும் சேர்ந்து படிக்கட்டும். அடுத்த கல்விக் கூட்டத்தில் வரப்போகும் பெயர்களைப் பார்த்து, புதியவர் சொல்ல வேண்டியதை இருவருமாக எழுதி வைத்துக்கொள்ளட்டும். ஒரு பெற்றோரை அழைக்க வேண்டியிருந்தால், ஒருவர் பேச மற்றவர் பக்கத்தில் இருக்கட்டும். பருவ அறிக்கையின் வரிகளைப் புதியவர் எழுத, மூத்தவர் திருத்தட்டும். ஆறு மாதத்தில் அவருடைய எபிரேயம் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள்.

என் சொந்த அனுபவம் இதற்குச் சாட்சி. இப்போது நான் இருக்கும் பள்ளியில் இப்படியொரு ஏற்பாடு யாரும் திட்டமிடாமல், அட்டவணையின் தற்செயலில் அமைந்தது. இலக்கிய ஆசிரியை ஒருவருக்கும் எனக்கும் செவ்வாய்க்கிழமை ஒரே தங்கு நேரம், அதே சிறிய அறை, ஒரே மின்கெட்டில். அவர் தன் மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தும்போது வாய்விட்டுப் படித்துக்கொண்டே திருத்துவார். கேட்டுக் கேட்டுப் பிள்ளைகளின் கையெழுத்து எனக்குப் பிடிபட்டது; பிறகு அவர் திருத்தியவற்றை நான் படித்துக் காட்டினேன். பெற்றோரிடம் கெட்ட செய்தி சொல்லும்போது இங்குள்ளவர்கள் சுற்றிவளைப்பதில்லை என்பதும், ஆனால் முதல் வாக்கியத்தில் அந்தப் பிள்ளையிடம் உள்ள ஒரு நல்லதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறார்கள் என்பதும் அவர் தொலைபேசியில் பேசுவதைக் கேட்டு நான் கற்றது. தற்செயலாக எனக்குக் கிடைத்ததை ஏற்பாடாக மற்றவர்களுக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அந்த மூத்த ஆசிரியருக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்பதும் நியாயமே. பயிற்சியாண்டில் இருக்கும் இளம் ஆசிரியர்களுக்கு வழிகாட்டுவதை ஒரு பணியாக மதித்து ஆள் நியமிக்கிறீர்கள்; இதையும் அதே மதிப்போடு பதிவு செய்யுங்கள். எங்கள் விஷயத்தில் ஒரு விசித்திரம் நடக்கிறது. அனுபவம் இருப்பதால் உங்களுக்கு வழிகாட்டி எதற்கு என்கிறீர்கள். மொழி இல்லாததால், அனுபவமே இல்லாதவருக்குக் கொடுக்கும் வேலையைக் கொடுக்கிறீர்கள். மகப்பேறு விடுப்பில் போனவரின் மீதி நேரம், இரண்டு பள்ளிகளுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கும் பாடவேளைகள், யாரும் விரும்பாத கீழ்ப் பிரிவுகள் ஆகியவற்றைச் சேர்த்துத் தைத்து ஒரு பணியிடம் ஆக்கித் தருகிறீர்கள். கீழ்ப் பிரிவுகளைக் கற்பிக்க எனக்குப் பிடிக்கும் என்பது வேறு விஷயம். ஆனால் இரண்டு பள்ளிகளுக்கு இடையே பேருந்தில் கழியும் நேரத்தில் எந்த ஆசிரியர் அறையிலும் யாரும் நமக்குப் பழக்கமாவதில்லை, மொழியும் வளருவதில்லை. அதேபோல், ஆள் கிடைக்காத அவசரத்தில் முதல் ஆண்டிலேயே எங்களை வகுப்பாசிரியர் ஆக்காதீர்கள். இந்த நாட்டில் வகுப்பாசிரியர் என்பவர் பாதி உளவியலாளர், பாதி சமூகப் பணியாளர். இரவு பத்து மணிக்கும் தொலைபேசி வரும். அந்தப் பொறுப்பை இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ கொடுங்கள், ஆனால் கட்டாயம் கொடுங்கள். எபிரேயத்தில் பிழை விடுவார் என்பதற்காக என்றென்றும் ஒதுக்கி வைக்காதீர்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் செப்டம்பர் வரை காத்திருக்கக் கூடாது. பீர்ஷேவாவில் ஏவுகணைத் தாக்குதலை எச்சரிக்கும் சைரன் ஒலித்தால் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேர ஒரு நிமிடம். வடக்கிலும் மேற்கிலும் சில ஊர்களுக்கு அதுவும் கிடையாது. அந்த நேரத்துக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை எழுப்பி, வரிசை கலையாமல் நடத்தி, அழுகிறவரைப் பிடித்து, கழிப்பறைக்குப் போனவரைத் தேடி, கதவைச் சாத்த வேண்டும். எந்தச் சொல்லை எவ்வளவு உரக்கச் சொன்னால் இந்தப் பிள்ளைகள் உடனே அசைவார்கள் என்பது அகராதியில் கிடைக்காது. எனக்கு அதைச் சொல்லித் தந்தவர் எங்கள் பள்ளியின் பராமரிப்பாளர். எத்தியோப்பியாவிலிருந்து சிறு பிள்ளையாக வந்து இங்கேயே வளர்ந்தவர் அவர். ஆகஸ்டில், பிள்ளைகள் இல்லாத வெற்று வகுப்பறையில், என்னை முன்னும் பின்னும் நடக்கவிட்டு, சொற்களைக் கத்தச் சொல்லி, இன்னும் உரக்க, இன்னும் சுருக்கமாக என்று திருத்தினார். அதை அவர் தானாகச் செய்தார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. நீங்கள் கேட்டு ஏற்பாடு செய்ய வேண்டிய வேலை அது. இன்ன வகுப்பு, இன்ன வழி, இன்ன சொல் என்று பள்ளி திறப்பதற்கு முன்பே நடத்திக் காட்டிவிடுங்கள். யூதப் பேரழிவு (ஹோலோகாஸ்ட்) நினைவு நாளில் காலை பத்து மணிக்கு இரண்டு நிமிடம் ஒலிக்கும் சைரனுக்கும் எச்சரிக்கைச் சைரனுக்கும் வித்தியாசம் உண்டு, அன்று எழுந்து அசையாமல் நிற்க வேண்டும், அதற்கு முன்னும் பின்னும் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு என்ன அளவில் பதில் சொல்வது என்பதையும் அந்த நாளுக்கு முந்தைய வாரமே எங்களோடு உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

சம்பளப் படிநிலையைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டில் வேலை பார்த்த ஆண்டுகளைப் பணி மூப்பில் சேர்க்க வழி இருக்கிறது. அதற்கு வாரத்தில் எத்தனை மணி, முழு நேரப் பணியா, பகுதி நேரமா, எந்த வகுப்புகளுக்கு என்று எழுதிய கடிதம் வேண்டும். எங்கள் ஊர்ப் பள்ளி தரும் அனுபவச் சான்றிதழில், இவர் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை பணியாற்றினார், இவருடைய நடத்தை நன்று என்று இருக்கும். நடத்தையை இங்கே எவரும் கேட்பதில்லை. மணிக் கணக்கை அங்கே எவரும் எழுதுவதில்லை. இதைத் தீர்ப்பது உங்கள் வேலையல்ல என்று தெரியும். ஆனால் என்ன எழுதி வாங்க வேண்டும் என்பதை உங்கள் அலுவலகச் செயலாளர் வேலைக்குச் சேரும் நாளன்றே ஒரு தாளில் கொடுத்தால், அந்தக் கடிதத்துக்காகப் பழைய பள்ளியோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவது மிச்சமாகும்.

உங்களில் சிலர், எபிரேயம் சரளமாக வராதவர் எபிரேயப் பள்ளியில் எப்படி ஆசிரியராக இருக்க முடியும் என்று நேர்மையாகவே நினைக்கிறீர்கள். உங்கள் பள்ளிகளின் வரலாறே அதற்குப் பதில் சொல்கிறது. ரிஷோன் லெட்சியோனில் 1886-இல் திறந்த பள்ளியில், பாடங்களை எல்லாம் எபிரேயத்தில் நடத்தத் துணிந்த ஆசிரியர்களுக்கு எபிரேயம் தாய்மொழி அன்று. 1881-இல் வந்து இறங்கி, எருசலேம் பள்ளியில் எபிரேயத்தை எபிரேயத்தாலேயே கற்பித்துப் பார்த்த எலியேசர் பென் யெஹூதா இத்திஷ் பேசும் வீட்டில் பிறந்தவர். 1903-இல் சிக்ரோன் யாக்கோவில் கூடி ஆசிரியர் சங்கம் அமைத்தவர்களும், 1913-இல் ஹைஃபாவின் புதிய தொழில்நுட்பக் கல்லூரியில் ஜெர்மன் மொழிதான் பாடமொழி என்றபோது அதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த ஆசிரியர்களும் பெரும்பாலும் கப்பலில் வந்து இறங்கியவர்களே. இரவில் படித்துக் காலையில் கற்பித்தவர்கள் அவர்கள். கணக்குக்கும் இயற்பியலுக்கும் சொல் இல்லாத இடத்தில் சொல்லை உண்டாக்கிக்கொண்டு பாடம் நடத்தினார்கள். 1990-களின் தொடக்கத்தில் சோவியத் நாடுகளிலிருந்து வந்த ஆசிரியர்கள், வேலை கிடைக்காமல் காத்திருப்பதைவிடத் தாங்களே சேர்ந்து டெல் அவீவில் மோஃபெட் என்ற பெயரில் கணக்கும் இயற்பியலும் நடத்தத் தொடங்கினார்கள். அவர்கள் வந்து சேர்ந்த ஷெவாஹ் பள்ளி பிறகு எவ்வளவு நல்ல பெயர் எடுத்தது என்பதை நீங்களே அறிவீர்கள். அவர்களுடைய எபிரேயத்தைக் கேட்டு அப்போதும் சிரித்திருப்பார்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. 1950-களிலும் 60-களிலும் இந்தியாவிலிருந்து வந்த எங்கள் உறவினர்களில், அங்கே எழுத்தர்களாகவும் ஆசிரியர்களாகவும் இருந்த பலர், திமோனா போன்ற ஊர்களில் ஆலை வேலைக்குப் போனார்கள். நீங்கள் முழு யூதர்கள்தானா என்ற கேள்வியோடும் 1964 வரை அவர்கள் போராட வேண்டியிருந்தது. பள்ளிக்கூட வேலையைக் கேட்டுப் பார்க்கவே பலருக்குத் துணிவு வரவில்லை என்று திமோனாவில் எனக்கு அத்தை முறையான ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் பம்பாயில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். இங்கே நெசவாலையில் ஓய்வு பெற்றார். இப்போது நிலைமை மாறியிருக்கிறது, என்னை வேலைக்கு எடுத்திருக்கிறீர்கள். எடுத்த பிறகு, ஆண்டு முடிவதற்குள் களைத்துப்போய் விட்டுவிடுகிறவர்கள் எங்களில் கணிசமானவர்கள். அவர்களில் மிக நன்றாகக் கற்பிக்கத் தெரிந்த ஒரு பெண்ணை நான் அறிவேன். அவர் இப்போது ஒரு வாடிக்கையாளர் சேவை நிறுவனத்தில் ஆங்கிலத்தில் தொலைபேசி எடுக்கிறார். அங்கே சம்பளமும் கூட, கூட்டங்களும் அவருக்குப் புரிகின்றன.

வரும் ஆகஸ்டில் அட்டவணை போடும்போது, உங்கள் பட்டியலில் குடியேறி வந்த பெயர் ஒன்று இருந்தால், அந்தப் பெயரின் தங்கு நேரத்தை நிரப்புவதற்கு முன் இன்னொரு பெயரை அதன் பக்கத்தில் எழுதுங்கள். ஒரே பாடத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை. பொறுமையும் நல்ல கையெழுத்தும் உள்ளவராக இருந்தால் போதும், கையெழுத்து மோசமாக இருந்தால் இன்னும் நல்லது. யாரோடு யார், எந்த நாள், எந்த அறை என்பதைச் செப்டம்பர் 1-க்கு முன்பே இருவரிடமும் சொல்லிவிடுங்கள். கல்விக் கூட்டத்துக்கு வரும் பெயர்ப் பட்டியலை மூன்று நாள் முன்னதாகப் புதியவரின் கையில் கொடுங்கள். ஏற்கெனவே இப்படிச் செய்து பார்த்த பள்ளிகள் இருந்தால், அங்கே என்ன நடந்தது, என்ன சரிப்படவில்லை என்பதை அந்தத் தலைமையாசிரியர்கள் மற்றவர்களுக்கு எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். எபிரேயத்திலேயே எழுதுங்கள். செவ்வாய்க்கிழமைகளில் அதை உட்கார்ந்து படிக்க எங்களுக்கு ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
பீர்ஷேவாவில் ஆங்கிலம் கற்பிக்கும் ஓர் ஆசிரியை